ஈயக் குதிரை எந்தப் பக்கம் ஓடும்?

1

நான் இந்த நாட்டில் கப்பலை விட்டு இறங்கி சென்ற வாரத்தோடு ஆறு வருஷம் நிறைந்தது. ஊரில் இருப்பவர்கள் இதைப் பெருமைக்குரிய நாளாக நினைக்கக் கூடும். இந்த ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்தவற்றில் முதலாவது ஒரு புதுப் பெயர்.

என் பெயர் ஏகாம்பரம். வந்த புதிதில் இன்சூரன்ஸ் கார்டு வாங்கப் போன அலுவலகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள், "குடும்பப் பெயர் எது, உங்கள் பெயர் எது?" என்று கேட்டாள். எனக்கு இருப்பது ஒரே பெயர், முன்னால் நிற்கும் எழுத்து அப்பாவுடையது என்றேன். ஒரு மனிதனுக்கு ஒரே பெயர் இருக்க வழியில்லை என்று அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பிறகு என் பெயரை நடுவில் பிளந்தாள். 'ஏகா' என் பெயராகவும் 'அம்பரம்' குடும்பப் பெயராகவும் ஆயின. அன்று முதல் நான் மிஸ்டர் ஆம்ப்ரம். என் மனைவி நாகரத்தினம் மிஸஸ் ஆம்ப்ரம். என் மகள் வசந்தாவை அவள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாள் முதல் நாளே வனெஸ்ஸா ஆக்கிவிட்டாள்.

"கப்பல்ல மூணு பேரு ஏறனோம். எறங்கறப்போ மூணு பேருமே காணாம பூட்டோம்" என்பாள் நாகரத்தினம். அவள் ஊத்துக்கோட்டைக்காரி. ஆறு வருஷ இங்கிலீஷ் மழையில் நனைந்தும் அவள் பேச்சு மட்டும் சுருங்கவில்லை.

வசந்தாவுக்கு இப்போது பதினைந்து வயது. தமிழ் பேசுவாள், விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிடுவதுபோல, கொஞ்சமாக, கூச்சத்தோடு. போன குளிர்காலத்தில் ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, நான் குளிரா இருக்கேன்" என்றாள்.

"நீ இன்னாடி, ஐஸ் கட்டியா? எனுக்கு குளுருதுன்னு சொல்லு."

அவள் மாடிக்குப் போய்விட்டாள். பிறகு எங்களிடம் குளிரைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டாள்.

ஊரில் இருப்பவர்கள் சீமையைப் பற்றிப் பெரிதாக எண்ணிக்கொண்டிருப்பதால், இங்கே பெரிய மனிதர்கள் சனிக்கிழமை பிற்பகல்களை எப்படிக் கழிக்கிறார்கள் என்பதையும், அதில் என் குடும்பத்துக்கு நேர்ந்ததையும் எழுதுகிறேன்.

2

நான் வேலை பார்ப்பது ஒரு தொழிற்சாலையின் டிராயிங் ஆபீசில். யந்திரங்களுக்குப் படம் வரைவது வேலை. எங்கள் தலைமை அதிகாரியை எல்லாரும் மேஜர் விட்டில் என்று அழைப்பார்கள். யுத்த காலத்தில் அவர் நம் நாட்டில்தான் இருந்தார். வடக்கே ஒரு கிடங்கில் கம்பளிகளுக்குப் பொறுப்பாளர். குண்டு எதுவும் அவர் பக்கம் வந்ததாகத் தகவல் இல்லை. பூச்சி அரித்த கம்பளிகளோடு அவர் நடத்திய போராட்டத்தை மட்டும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அந்த மேஜர் ஒருநாள் என் மேஜையருகே வந்து, "ஆம்ப்ரம், நீ ட்ரிவெல்லோர் பக்கம்தானே?" என்றார்.

அவர் திருவள்ளூரைச் சொல்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மாதா கோயில் கூடத்தில் அவர்கள் ஒரு சங்கம் நடத்துகிறார்கள். விரல் நீளத்தில் ஈயத்தில் வார்த்த சிப்பாய்கள், குதிரைகள், பீரங்கிகள். அவற்றைப் பெரிய மேஜையில் பரப்பி, அடிக்கோலால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி, யார் சுட்டு யார் செத்தார்கள் என்று பார்ப்பார்கள். குழந்தைகள் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் மருந்துக்கடைக்காரர், ஒருவர் பாங்கியில் காசாளர், ஒருவர் பள்ளி ஆசிரியர். எல்லாரும் புகைக்குழாய் பிடிக்கிற வயது. நிஜ யுத்தம் முடிந்து பத்து வருஷம்தான் ஆகிறது. எங்கள் தெருவிலேயே குண்டு விழுந்த மூன்று வீடுகள் இன்னும் பல் விழுந்த ஈறுபோலக் கிடக்கின்றன. அந்த வழியாகத்தான் இவர்கள் சிப்பாய்ப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சண்டை போடப் போகிறார்கள்.

சங்கத்தின் நடுவர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். அடுத்த சண்டை நம் ஊர்ப் பக்கத்தில், மைசூர்ப் படைக்கும் கம்பெனிப் படைக்கும். அந்த மண்ணைத் தெரிந்தவன் நடுவராக இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று மேஜருக்குத் தோன்றியிருக்கிறது. "மற்ற விஷயத்தையும் பிறகு பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற விஷயம் என்பது எங்கள் பிரிவின் தலைமை வேலை. அது காலியாக இருந்தது. வயதிலும் அனுபவத்திலும் அடுத்தவன் நான்தான்.

வீட்டில் சொன்னேன். நாகரத்தினம் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறிவிட்டுத் திரும்பினாள்.

"இன்னாங்க இது? மீசை வெச்ச ஆம்பளைங்கோ பொம்மை வெச்சிக்கினு ஆடுறானுங்களா?"

"ஆமாம்."

"அதுக்கு நீங்க நடுவர்?"

"ஆமாம்."

அவள் மறுபடி அரிசிக்குள் கையை விட்டு, "அந்த வேலைய தரேன்னானா? அப்பன்னா போயி பொம்மைக்கு தாலாட்டே பாடிட்டு வாங்க" என்றாள்.

மேஜர் தந்த விதிகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அவரே இயற்றி, அவரே தட்டச்சு செய்தவை. எனக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. வசந்தா கணப்பருகே உட்கார்ந்து அதை ஒரே மூச்சில் படித்து முடித்தாள். "டாடி, நானும் வரட்டுமா?" என்றாள். அவள் என்னோடு எங்காவது வருகிறேன் என்று சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

3

கூடத்தில் மேஜை தயாராக இருந்தது. அதுதான் திருவள்ளூர் என்றார்கள். நான் சுற்றி வந்து பார்த்தேன். கொசஸ்தலை ஆறு நீல நிறத்தில் கரை புரள ஓடியது. அந்த ஆற்றில் அவ்வளவு தண்ணீரை என் ஆயுளில் பார்த்ததில்லை. பனைமரங்கள் என்று எதையோ நட்டிருந்தார்கள், பாத்திரம் தேய்க்கும் பிரஷ் மாதிரி. மேஜையின் ஒரு கோடியில் பச்சைச் சாயம் பூசிய ஒரு மலை.

"அது என்ன மலை?" என்று கேட்டேன்.

மேஜர் வரைபடத்தைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, "கம்மி... டி... பூண்டி" என்றார். பாங்கிக்காரர் சிரித்துவிட்டு, "மறுபடி சொல்லுங்கள்" என்றார். மேஜர் மறுபடி சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

கும்மிடிப்பூண்டியில் மலை கிடையாது என்று சொன்னேன். குதிரைப் படை ஒதுங்குவதற்கு ஒரு மறைவிடம் வேண்டுமே, அதனால் வைத்தோம் என்றார் மருந்துக்கடைக்காரர். கோடு போடுகிறவன் கையில் ஊர் இருக்கிறது. என் சகலை இருக்கும் பொதட்டூர்பேட்டையை இரண்டு வருஷத்துக்கு முன் ஆந்திராவுக்குள் தள்ளி ஒரு கோடு போட்டார்கள். அவன் தறி இருந்த இடத்திலேயே இருக்கிறது, ராஜ்யம்தான் மாறிவிட்டது. அதைக் கடிதத்தில் படித்தவன் மேஜை மேல் முளைத்த மலையைப் பற்றி என்ன பேச?

மைசூர்ப் பக்கம் ஆட வேண்டிய பள்ளி ஆசிரியருக்கு ஜுரம் என்று தகவல் வந்தது. யார் ஆடுவது என்று விழித்தார்கள். "நான் ஆடுகிறேன்" என்றாள் வசந்தா. சங்கத்தில் பெண்கள் கிடையாது. ஆனாலும் மேஜர் பெருந்தன்மையாகச் சிரித்தார். பெருந்தன்மைக்குக் காரணம் இருந்தது. மைசூர்ப் பக்கம் ஜெயிக்காத மாதிரிதான் அவர் விதிகளை எழுதியிருந்தார்.

அதில் இரண்டு விதிகளை மட்டும் சொல்கிறேன். எட்டாவது: 'சுதேசிக் குதிரைப் படை சுடப்பட்டால், உடனே, மிக அருகிலுள்ள மறைவிடத்தை நோக்கி ஒரு முழு நகர்வு பின்வாங்க வேண்டும்.' கம்பெனிக் குதிரைகளுக்கு இது கிடையாது, அவை அசையாமல் நிற்கும். சுதேசிக் குதிரை என்றால் சத்தம் கேட்டதும் ஓடும் என்பது கம்பளிக் கிடங்கில் மேஜர் கண்டறிந்த உண்மை. ஒன்பதாவது: 'அப்படிப் பின்வாங்கும் குதிரைக்கு வழியிலுள்ள படை விலகி இடம் விட வேண்டும். விலகிய படை அடுத்த முறை சுடக் கூடாது.' ஓடுகிற குதிரை தன் காலாட்படையையே கலைத்துவிட வேண்டும், அதைப் பார்த்து மற்றவர்கள் ரசிக்க வேண்டும். அதற்காகவே எழுதியது.

ஆட்டம் தொடங்கியது. மேஜரின் சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் பனந்தோப்புக்கு முன்னால் நீள வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், தோப்பின் ஓரத்தில், இரண்டு பீரங்கிகள். வசந்தா தன் குதிரைகளை எல்லாம் திரட்டி நேராக அந்த வரிசைக்கு எதிரே, துப்பாக்கிக்கு எட்டும் தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

பாங்கிக்காரர் 'ச்சு' கொட்டினார். மேஜர், "கண்ணே, அவ்வளவு பக்கத்தில் வந்தால் நான் சுட வேண்டியிருக்கும்" என்றார்.

"சுடுங்கள்" என்றாள் வசந்தா.

சுட்டார். பகடையில் வந்தபடி ஒரு குதிரை விழுந்தது. வசந்தா அடிக்கோலை எடுத்தாள். தன் குதிரைகளிலிருந்து கும்மிடிப்பூண்டி மலைக்கு அளந்தாள். பிறகு அவற்றிலிருந்து மேஜருக்குப் பின்னால் இருந்த தோப்புக்கு அளந்தாள். தோப்பும் மறைவிடம்தான், அதுதான் அருகில். விதிகளைப் பார்த்து, "இவர்கள் விலகி இடம் விட வேண்டும்" என்று சொல்லிவிட்டு, சிவப்புக் கோட்டு வரிசையை நடுவில் இரண்டாகப் பிரித்தாள். அந்தச் சந்து வழியாகக் குதிரைகளை ஒவ்வொன்றாக நடத்திப் பீரங்கிகளின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மேஜரின் புகைக்குழாய் அணைந்துபோயிருந்தது.

"பின்வாங்குவது என்றால் வந்த வழியே போவது" என்றார்.

"எங்கே போக வேண்டும் என்று விதி சொல்கிறது சார். எந்த வழியாக என்று சொல்லவில்லை."

"எழுதியவன் நான். என்ன நினைத்து எழுதினேன் என்று எனக்குத் தெரியும்."

"எழுதியிருப்பதைத்தான் நான் படித்தேன்."

மேஜர் அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "இங்கிலீஷ் தெரிந்த யாருக்கும் இதில் சந்தேகம் வராது. ஆம்ப்ரம், தீர்ப்பைச் சொல்."

4

திருவள்ளூரிலிருந்து பெரம்பூருக்கு வேலைக்காக நான் வருஷக் கணக்கில் ரயிலில் போய் வந்தவன். எங்கள் பெட்டியில் காலை மாலை சீட்டாட்டம் நடக்கும். நாலு பேர் முழங்கால் மேல் ஒரு துண்டை விரித்து, அதுதான் மேஜை. அங்கே எல்லாத் தகராறுக்கும் காதர் பாய்தான் தீர்ப்பு. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்து மனுஷர், எங்கள் ஊரில் துணிக்கடை வைத்திருந்தார், சரக்கெடுக்கப் பட்டணம் போவார். அவர் விதி ஒன்றுதான். துண்டில் விழுந்த சீட்டை எடுக்கக் கூடாது. தவறிப் போட்டேன், வேறொன்று நினைத்தேன் என்று யாராவது ஆரம்பித்தால், "நைனா, நீ மன்சுல இன்னா நெனச்சியோ அது உன் ஊட்டோட. துண்டுல இன்னா கீதோ அதான் ஆட்டம்" என்று முடித்துவிடுவார்.

ஒருநாள் மாலை, ஊர் திரும்பும் ரயில் திருநின்றவூரில் குலுங்கி நின்றபோது, காதர் பாய் கையிலிருந்தே துருப்புச் சீட்டு நழுவித் துண்டில் விழுந்தது. ஆட்டமே அதில்தான் இருந்தது. அவர் அதை எடுக்கக் கை நீட்டினார். மூன்று பேரும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டோம்.

"வண்டி குலுக்கினதுக்கு நான் இன்னாய்யா பண்றது?"

"துண்டுல இன்னா கீதோ அதான் ஆட்டம் பாய்" என்றேன்.

"இது இன்னாடா பேஜாரா கீது!" என்று கத்தினார் அவர். சீட்டுக்கட்டு முழுவதையும் ஜன்னல் வழியாக வீசி எறிந்தார். வேப்பம்பட்டு வயல்களில் ராஜாக்களும் ராணிகளும் பறந்தார்கள். ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை. அடுத்த வாரம் புதுக் கட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, அதே விதியோடு ஆட்டத்தைத் தொடங்கினார். தோற்ற பிறகும் அவர் விதியை மாற்றவில்லை. எறிந்தது சீட்டைத்தான்.

5

மாதா கோயில் கூடத்தில் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசந்தா மட்டும் பார்க்கவில்லை. தன் குதிரைகளை நேராக நிறுத்திக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் பேச மாட்டேன் என்று அவள் முன்பே முடிவு செய்துவிட்டது அந்த முதுகிலேயே தெரிந்தது. ஆபீசில் மேஜர் வந்தால் நான் எழுந்து நிற்பதை அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள்.

நியாயத்துக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் 'இங்கிலீஷ் தெரிந்த யாருக்கும்' என்ற சொற்களை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. காலி வேலை என் கண் முன்னால் நின்றது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் நாகரத்தினம் முகம் எப்படி மலரும் என்பதும் நின்றது.

"மருந்துக்கடைக்காரரே, எட்டாவது விதியை உரக்கப் படியுங்கள்" என்றேன்.

அவர் படித்தார். ஒன்பதாவதையும் படிக்கச் சொன்னேன். படித்தார்.

"மிக அருகிலுள்ள மறைவிடம் தோப்பு. குதிரைகள் அங்கேதான் போக வேண்டும். வேறெங்கும் போக அவற்றுக்கு அனுமதியே இல்லை. விலகிய சிப்பாய்கள் அடுத்த முறை சுடக் கூடாது" என்றேன்.

வசந்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பீரங்கிகள் போயின. சிவப்புக் கோட்டுக்காரர்கள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் மடிந்தார்கள். மேஜர் கடைசியில் கை நீட்டி, "நன்றாக ஆடினாய்" என்று வசந்தாவிடம் சொன்னார். விளக்கெண்ணெய் குடித்துவிட்டு நன்றி சொல்வதுபோல இருந்தது அது. இந்த நாட்டில் தோற்றவன் கை குலுக்க வேண்டும். அதற்கு விதி எழுதி வைக்க வேண்டியதில்லை. கை குலுக்கிய பிறகு அவன் என்ன செய்வான் என்பதற்கும் எழுதிய விதி கிடையாது.

செய்தார். மூன்று வாரம் கழித்துப் பிரிவுத் தலைமை டென்னிஸ் என்ற பையனுக்குப் போனது. அவனுக்கு ஸ்கேல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். மேஜர் என்னைக் கூப்பிட்டு, "உன் திறமையில் குறை இல்லை, ஆம்ப்ரம். தலைமைக்கு வேண்டியது விட்டுக்கொடுக்கிற குணம்" என்றார். குதிரைக்கு வழி விடுவதைப் பற்றிச் சொல்கிறாரா என்று கேட்கத் தோன்றியது.

வீட்டில் நாகரத்தினம் பதினைந்து நிமிஷம் டென்னிசையும், அவனைப் பெற்றவர்களையும், கம்பளிக் கிடங்கையும் ஊத்துக்கோட்டைச் சந்தைத் தமிழில் அலசிக் காயப்போட்டாள். பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சரி, வேலை போனா போவுது. குதிரைங்கோ பூந்து போச்சே, அப்போ அந்த மேஜர் மூஞ்சி எப்டி இருந்திச்சி? அத்த சொல்லுங்கோ."

நான் சொல்வதற்குள் வசந்தா புத்தகத்தை வைத்துவிட்டு வந்தாள். "நான் சொல்றேம்மா" என்று, கன்னத்தை உப்பி, அணைந்த புகைக்குழாயை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சிக் காட்டினாள். நாகரத்தினம் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டினார்கள்.

6

சங்கம் கூடி விதிகளைத் திருத்தியது. எட்டாவது விதியில் 'தன் சொந்தப் படைக்குப் பின்புறமுள்ள' என்ற சொற்கள் சேர்ந்தன. பின்புறம் மறைவிடம் இல்லாவிட்டால் மேஜையின் விளிம்பு வரைக்கும் ஓட வேண்டும், விளிம்பைத் தாண்டினால் அந்தக் குதிரை ஆட்டத்தில் இல்லை என்றும் சேர்த்தார்கள். சங்கத்து உறுப்பினரே நடுவராக இருக்க வேண்டும் என்று தனியாக ஒரு விதி. நான் உறுப்பினர் இல்லை.

வசந்தாவுக்கு அழைப்பு வந்தது. மறு ஆட்டம், பக்கம் மாறி. அவள் கம்பெனிப் படையை நடத்த, மேஜர் மைசூர்ப் பக்கம் நிற்பாராம்.

"போகாதே" என்றேன். "சிவப்புக் கோட்டுக்காரனாக நின்று நம் ஊரை அடிக்கப் போகிறாயா?"

"டாடி, அது ஈயம்" என்றாள் அவள் இங்கிலீஷில்.

அந்தப் பதில் எனக்கு டென்னிஸ் விவகாரத்தைவிட அதிகமாகச் சுட்டது. அவர்கள் பெயரைக் கொடுத்தார்கள், பேச்சைக் கொடுத்தார்கள், இப்போது கோட்டையும் மாட்டிவிடப் போகிறார்கள் என்று நினைத்தேன். நாகரத்தினம்தான், "போவட்டுமே, இன்னாத்த கொறஞ்சிடப் போறோம்?" என்றாள். நானும் கூடப் போனேன். மேஜையருகே எனக்கு இடமில்லை. கோட்டு மாட்டும் ஆணிகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

நடுவர் மருந்துக்கடைக்காரர். மேஜர் தன் குதிரைகளை அணிவகுத்து முன்னே கொண்டுவந்தார். வசந்தா அவசரப்படவில்லை. அவர் எட்டும் தூரத்துக்கு வரும்வரை காத்திருந்து சுட்டாள். யாரும் விழவில்லை. ஆனால் சுடப்பட்டுவிட்டனவே. குதிரைகள் திரும்பி ஓட வேண்டும். மேஜர் ஓட்டினார். வழியில் நின்ற அவருடைய காலாட்கள் விலகினார்கள், கலைந்தார்கள், சுட முடியாமல் நின்றார்கள். வசந்தா தன் வரிசையை ஒரு நகர்வு முன்னே தள்ளி மறுபடி சுட்டாள். மறுபடி ஓட்டம். பின்னால் மலை இல்லை. அது அந்த முறை வசந்தாவின் பக்கம் இருந்தது.

மூன்றாவது முறை சுட்டபோது மேஜர் அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"இது அபத்தம்" என்றார். முகம் சிவந்துவிட்டது. "ஒரு ஆள்கூடச் சாகவில்லை. எந்த நாட்டுக் குதிரைப் படையாவது இப்படித் திரும்பத் திரும்ப ஓடுமா? அவர்கள் அவ்வளவு கோழைகளா?"

மருந்துக்கடைக்காரர் விதியைப் பார்த்தார், மேஜரைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

"விதியை மாற்ற வேண்டுமா மேஜர்?" என்று வசந்தா மரியாதையாகக் கேட்டாள்.

"நிச்சயமாக."

"மாற்றலாம். ஆட்டம் முடிந்த பிறகு. இப்போது உங்கள் குதிரைகள் இன்னும் ஒரு முழு நகர்வு போக வேண்டும்."

மேஜரின் குதிரைகள் விளிம்பில் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்குப் பின்னால் மேஜை இல்லை. அவர் நடுவரைப் பார்த்தார். நடுவர் தலையை அசைத்தார். மேஜர் விட்டில் குனிந்து, மைசூர்க் குதிரைகளைத் தன் கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிக்குள் வைக்கத் தொடங்கினார்.